தெரிந்ததால் தெரிகிறது: ஆழத்தைப் பார்ப்பதில் பொருள் அறிவின் பங்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் ‘தெரியும்’ என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை. “அதோ, மலை தெரியுது” என்றால் கண்ணில் படுகிறது. “அந்த மலை எனக்குத் தெரியும்” என்றால் ஏற்கெனவே அறிந்திருக்கிறேன். இந்த இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்பதுதான் பார்வை ஆய்வின் பழைய, இன்னும் தீராத கேள்வி. ஒரு பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, புடைத்திருக்கிறதா குழிந்திருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரிவதில், அது இன்ன பொருள் என்று முன்பே தெரிந்திருப்பதற்கு எவ்வளவு பங்கு? இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

விழித்திரையில் விழுவது தட்டையான படம்தானே? அப்புறம் ஆழம் எங்கிருந்து வருகிறது?

பல இடங்களிலிருந்து. இரண்டு கண்களுக்கும் நடுவே சுமார் ஆறு சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதால் இரண்டுக்கும் கிடைக்கும் படங்கள் சற்றே மாறுபடும். அந்த வேறுபாடு ஒரு தடயம். ஓடும் பஸ்ஸின் ஜன்னல் வழியே பார்த்தால் பக்கத்து மரங்கள் வேகமாகப் பின்னால் ஓடும், தூரத்துக் குன்று மெதுவாக நகரும், அது இன்னொன்று. ஒன்று மற்றொன்றை மறைத்தால் மறைப்பது முன்னால் இருக்கிறது. தண்டவாளங்கள் தொலைவில் ஒடுங்குவது, நிழல் விழும் விதம், தூரப் பொருள்கள் மங்குவது எல்லாமே தடயங்கள்தான்.

ஆனால் இவற்றில் எதுவும் தனியாக முழு விடையைத் தந்துவிடாது. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பொம்மைக் காரும் தெருக்கோடியில் நிற்கும் நிஜக் காரும் விழித்திரையில் ஒரே அளவு படத்தை விழவைக்கலாம். எது என்று மூளைதான் முடிவு செய்ய வேண்டும். ஜெர்மன் விஞ்ஞானி ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860-களிலேயே, பார்ப்பது என்பதே நாம் அறியாமல் செய்யும் ஓர் அனுமானம் என்று சொன்னார்.

பொருளைப் பற்றிய அறிவு இதில் எப்படி நுழைகிறது?

எளிய கணக்குதான். 1.7 மீட்டர் உயரமுள்ள ஒருவர் 10 மீட்டர் தூரத்தில் நின்றால் விழித்திரையில் அவர் உருவம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் இருக்கும். 20 மீட்டருக்குத் தள்ளிப் போனால் ஒன்றரை மில்லிமீட்டர். மனிதர் எவ்வளவு உயரம் இருப்பார் என்று மூளைக்குத் தெரியும். உருவம் எவ்வளவு என்பதை விழித்திரை சொல்லிவிடுகிறது. கண்டுபிடிக்க மிஞ்சியிருப்பது தூரம் ஒன்றுதான்.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் இட்டல்சன் 1951-ல் இதைச் சோதித்தார். இருட்டில், ஒரு கண்ணால் மட்டும் பார்க்கச் சொல்லி, சீட்டுக்கட்டின் சீட்டுகளைக் காட்டினார். வழக்கமான அளவில் ஒன்று, அதில் பாதியாக ஒன்று, இரு மடங்காக ஒன்று. எல்லாம் ஒரே தூரத்தில்தான் இருந்தன. பார்த்தவர்களுக்கோ பாதி அளவுச் சீட்டு ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரத்தில் தெரிந்தது, பெரிய சீட்டு பக்கத்தில் வந்துவிட்டது. சீட்டு இந்த அளவுதான் இருக்கும் என்ற பழக்கம் தூரத்தை மாற்றிவிட்டது.

1965-ல் வில்லியம் எப்ஸ்டீன் நாணயங்களின் புகைப்படங்களைக் கொண்டு இன்னொரு சோதனை செய்தார். அமெரிக்காவின் 10 சென்ட், 25 சென்ட், 50 சென்ட் நாணயங்கள் நிஜத்தில் வெவ்வேறு அளவு. படங்களை ஒரே அளவில் எடுத்துக்கொண்டார். ஒரு கண்ணால் பார்த்தவர்கள், நிஜத்தில் சிறியதான 10 சென்ட் அருகிலும் பெரியதான 50 சென்ட் தொலைவிலும் இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு கண்களையும் திறக்க விட்டதும் அந்த வித்தியாசம் போய்விட்டது. இந்தக் கடைசி விவரம் முக்கியமானது, கீழே திரும்ப வரும்.

அவர்கள் உண்மையிலேயே அப்படிப் பார்த்தார்களா, யோசித்துச் சொன்னார்களா?

நியாயமான சந்தேகம். வால்டர் கோகல் என்ற ஆய்வாளர் இதைத்தான் நெடுங்காலம் வலியுறுத்தினார். சீட்டு சிறிதாகத் தெரிகிறது, சீட்டு சிறிதாக இருக்காதே, அப்படியானால் தூரமாக இருக்க வேண்டும் என்று மனம் கணக்குப் போட்டுச் சொல்லும் பதில் அது. கண் பார்த்த தூரம் அல்ல என்பது அவர் வாதம். சீட்டையும் நாணயத்தையும் மட்டும் வைத்துக்கொண்டால் அவரை எளிதில் மறுக்க முடியாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் முகமூடியின் முன்னால் அந்த வாதம் நிற்பதில்லை.

அது என்ன முகமூடி?

கடையில் விற்கும் பிளாஸ்டிக் முகமூடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உட்புறம், அதாவது குழிந்த பக்கம், உங்களைப் பார்க்கும்படி சுவரில் மாட்டுங்கள். சில அடி தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். குழி மறைந்து, மூக்கு உங்களை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சாதாரண முகமாக அது தெரியும். பக்கவாட்டில் நடந்தால் இன்னும் அதிர்ச்சி காத்திருக்கிறது: முகம் உங்களோடு சேர்ந்து திரும்பும். கண்ணையும் நம்ப முடியாது, கழுத்தே இல்லாத அந்தப் பிளாஸ்டிக்கையும் நம்ப முடியாது. முதல் முறை இதை நேரில் பார்த்தபோது சுவரருகே போய்க் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தேன். குழிதான். திரும்பி வந்து நின்றேன், மறுபடி முகம்.

முகம் திரும்புவதாகத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. மூக்கு நிஜத்தில் கன்னங்களைவிடத் தூரத்தில் இருக்கிறது. மூளையோ அதை அருகில் வைத்துவிட்டது. நீங்கள் நகரும்போது மூக்கும் கன்னமும் ஒன்றுக்கொன்று இடம்மாறும் திசை இந்தத் தப்பான ஆழத்துக்குப் பொருந்தாது. பொருந்தச் செய்ய ஒரே வழி, முகம் தானே திரும்புகிறது என்று வைத்துக்கொள்வது. ஆழத்தை விட்டுக்கொடுப்பதைவிட இல்லாத அசைவைச் சேர்ப்பது மூளைக்குச் சுலபமாக இருக்கிறது.

பிரிட்டனின் உளவியலாளர் ரிச்சர்ட் கிரெகரி, சார்லி சாப்ளின் முகமூடி ஒன்றைச் சுழலவிட்டு இந்தத் தோற்றத்தை உலகப் புகழ் பெறச் செய்தார். நாம் வாழ்நாளில் பார்த்த ஆயிரக்கணக்கான முகங்களில் ஒன்றுகூடக் குழிந்ததில்லை. அந்த அனுபவத்தின் எடை, கண் இப்போது கொண்டுவரும் தகவலின் எடையைவிட அதிகம் என்பது அவர் விளக்கம். பொதுவாகவே மூளை குழியைவிடப் புடைப்பையே விரும்பும் என்பதும் உண்மை. ஆனால் அது மட்டுமே காரணம் என்றால் முகமூடியை எப்படி மாட்டினாலும் விளைவு ஒன்றாக இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் தோற்றம் வலுவிழக்கிறது. தலைகீழ் முகத்தை அடையாளம் காண நாம் தடுமாறுவோம். அடையாளம் தடுமாறும்போது ஆழமும் தடுமாறுகிறது. இதுதான் எனக்கு மிகப் பெரிய சான்றாகப் படுகிறது. என்ன பொருள் என்று தெரிவது ஆழம் தெரிந்த பிறகு நடக்கும் கடைசி வேலை இல்லை. அந்த அறிவு ஆழத்துக்குள்ளேயே கலந்திருக்கிறது.

குழி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகும் ஏன் ஏமாறுகிறேன்?

ஏனென்றால் உங்களுக்குத் தெரிவதும் உங்கள் பார்வை அமைப்புக்குத் தெரிவதும் ஒன்றல்ல. நாம் ‘பொருள் அறிவு’ என்று சொல்வது சொல்லிக் கேட்டு வரும் அறிவு இல்லை. பார்த்துப் பார்த்து உள்ளே படிந்துபோன அறிவு. ஒருவர் வந்து “இது குழி” என்று ஒரு தரம் சொல்வதால் அது மாறாது. நீங்களே தொட்டுப் பார்த்தாலும் மாறாது.

எப்போதுமே மாறாதா என்றால், அப்படியும் இல்லை. முகமூடிக்கு மிக அருகே போய் இரண்டு கண்களாலும் பார்த்தால் ஒரு கட்டத்தில் சட்டென்று குழி வெளிப்படும். அங்கே இரு கண் வேறுபாடு அவ்வளவு வலுவாகிவிடுகிறது. தராசுத் தட்டு மாதிரி யோசித்துப் பாருங்கள்: ஒரு தட்டில் பழக்கம், இன்னொன்றில் இப்போது கண் கொண்டுவரும் சான்று. எப்ஸ்டீனின் நாணயங்களில் இரண்டாவது கண்ணைத் திறந்ததுமே சான்று ஜெயித்தது. முகத்தில் பழக்கம் இன்னும் வெகுநேரம் தாக்குப்பிடிக்கிறது.

இரண்டு கண்களும் நன்றாக வேலை செய்பவருக்குப் பொருள் அறிவு எதற்கு?

இரு கண் வேறுபாட்டுக்குப் பொருள் தெரிய வேண்டிய அவசியமே இல்லை என்பதை 1960-ல் பேலா யூலெஸ் காட்டினார். தாறுமாறான புள்ளிகள் மட்டுமே உள்ள இரண்டு படங்கள். ஒன்றில் நடுவே உள்ள சதுரத்தின் புள்ளிகளைச் சற்று நகர்த்திவைத்தார். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு படமாகக் காட்டினால் அந்தச் சதுரம் காற்றில் மிதக்கும். தனியாக எந்தப் படத்திலும் சதுரம் கிடையாது. ஆகவே ஆழம் முதலில், பொருள் பிறகு என்று பலர் முடிவுக்கு வந்தார்கள்.

அந்த முடிவு முழுசாகச் சரியில்லை என்பதற்கு 1998-ல் இசபெல் பூல்தாஃப், ஹைன்ரிக் பூல்தாஃப், பவன் சின்ஹா மூவரும் செய்த சோதனை நல்ல சாட்சி. நடக்கும் மனிதரின் மூட்டுகளில் மட்டும் புள்ளிகள் வைத்த அசையும் படத்தை இரு கண் ஆழத்தோடு காட்டினார்கள். பிறகு முன்னாலிருந்து பார்க்கும் உருவத்தைக் கெடுக்காமல், புள்ளிகளின் ஆழத்தை மட்டும் குலைத்துப்போட்டார்கள். முழங்கை எங்கோ பின்னால், முழங்கால் எங்கோ முன்னால். மனிதர் நடக்கிறார் என்று அடையாளம் கண்டவர்கள் இந்தக் குளறுபடியைக் கவனிக்கவே இல்லை. இரண்டு கண்களும் திறந்திருந்தன, தகவலும் இருந்தது. அடையாளம் அதை மூடிவிட்டது.

தவிர, இரு கண் வேறுபாடு அருகில்தான் கூர்மையாக இருக்கும். தூரம் கூடக்கூட வேறுபாடு வேகமாகச் சுருங்கிவிடும். தெருக்கோடியில் வரும் வண்டிக்கு மற்ற தடயங்களையும் பழக்கத்தையும்தான் நம்ப வேண்டும்.

எல்லாப் பழக்கமும் பொருளைப் பற்றியதுதானா?

இல்லை. சில பழக்கங்கள் பொருளைவிடப் பொதுவானவை. வெளிச்சம் மேலிருந்து வரும் என்பது அவற்றில் ஒன்று. ஒரு காலி இட்லித் தட்டை மேசையில் வையுங்கள். எதிர்ப் பக்கத்து ஜன்னலிலிருந்து மட்டும் வெளிச்சம் படட்டும். மேலிருந்து போனில் ஒரு படம் எடுத்து, அதைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு நிலையில் குழிகளாகத் தெரிந்தவை மறு நிலையில் இட்லி மாதிரி மேடாக எழுந்து நிற்கும். நிலாப் பள்ளங்களின் புகைப்படங்களிலும் இதே குழப்பம் வரும்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற வி. எஸ். ராமச்சந்திரன் 1988-ல் இதை விரிவாக ஆராய்ந்தார். மூளை ஒரே ஒரு விளக்கு, அதுவும் மேலே, என்று வைத்துக்கொள்கிறது. இந்த ‘மேலே’ வானத்தைப் பொறுத்தது இல்லை, நம் தலையைப் பொறுத்தது என்பது அவர் காட்டிய அழகான விஷயம். தலையைக் கவிழ்த்துக்கொண்டு பார்த்தால் மேடு குழியாகிவிடும். இந்தப் பழக்கத்தை அசைக்கவும் முடியும்: 2004-ல் வெண்டி ஆடம்ஸும் உடன் ஆய்வாளர்களும், வெளிச்சம் வேறு திசையிலிருந்து வருவதற்குப் பொருந்தும் வடிவங்களைத் தொட்டு உணரவைத்துப் பயிற்சி கொடுத்தபோது, பார்ப்பவர்களின் கணிப்பு நகர்ந்தது.

இப்போது முகமூடிக்குத் திரும்பிப் போவோம். மேலிருந்து வெளிச்சம் படும் குழிந்த முகம், புடைத்ததாகத் தெரியும்போது, கீழிருந்து வெளிச்சம் பட்டதுபோல் தெரியும். மேலிருந்துதான் வெளிச்சம் என்ற பொதுப் பழக்கத்தையே, முகம் என்ற தனிப் பழக்கம் தோற்கடிக்கிறது. இட்லித் தட்டுக்கு அந்தச் செல்வாக்கு கிடையாது.

கையும் ஏமாறுமா?

இதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 2006-ல் க்ரோலிச்சாக், ஹேர்ட், குடேல், கிரெகரி நால்வரும் குழிந்த முகத்தில் சிறு இலக்குகளை ஒட்டி, விரலால் சட்டென்று தட்டச் சொன்னார்கள். கண்ணுக்கு முகம் புடைத்தே தெரிந்தது. வேகமாகப் போன விரலோ நிஜமான குழிக்குள் போனது. மூளையில் பொருளை அடையாளம் காணும் பாதை வேறு, கையை நடத்தும் பாதை வேறு என்ற கொள்கைக்கு இது பலம் சேர்த்தது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு வேறொரு குழு செய்த சோதனையில் கையும் பழக்கத்துக்குக் கட்டுப்பட்டது. அவசரமாகத் தட்டுவதும் நிதானமாக எட்டுவதும் ஒன்றல்ல என்பது காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

மூளைக்குள் இது எங்கே நடக்கிறது?

ஒரே இடத்தில் இல்லை. பின்தலையில் உள்ள முதல்நிலைப் பார்வைப் புறணி (கண்ணின் செய்தி முதலில் வந்து சேரும் மூளை மேற்பரப்புப் பகுதி) விழித்திரைப் படத்தை அப்படியே நகலெடுக்கும் இடம் என்று நினைத்திருந்தார்கள். 2006-ல் ஸ்காட் முரே குழுவினர் ஒரு தாழ்வாரப் படத்தில் ஒரே அளவுள்ள இரண்டு பந்துகளைக் காட்டினார்கள். தாழ்வாரத்தின் கடைசியில் இருப்பதாகத் தோன்றும் பந்து பெரிதாகத் தெரியும். ஸ்கேனில் பார்த்தபோது, அந்தப் பந்து முதல்நிலைப் புறணியிலேயே கூடுதல் பரப்பை எடுத்துக்கொண்டிருந்தது. விழித்திரையில் இரண்டும் ஒரே அளவு என்பதை நினைவில் வையுங்கள். மேல்நிலைப் பகுதிகளிலிருந்து செய்தி கீழே திரும்பி வந்து படத்தையே திருத்துகிறது என்பதே இதற்கு இயல்பான விளக்கம்.

ஸ்கிட்ஸோஃப்ரீனியா என்னும் மனச்சிதைவு நோய் உள்ள பலருக்குக் குழிந்த முகம் குழியாகவே தெரிகிறது. 2009-ல் வெளிவந்த டனாய் டிமா குழுவின் ஆய்வு, அவர்களிடம் இந்த மேலிருந்து கீழ்வரும் செல்வாக்கு பலவீனமாக இருப்பதைக் காரணமாகச் சுட்டியது. உங்களுக்கு முகமூடி குழியாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். தூரம், வெளிச்சம், முகமூடியின் வடிவம் எல்லாம் இதில் பங்கெடுக்கும். நோயைக் கண்டறியும் சோதனை அல்ல இது.

குழந்தைக்கு இந்த அறிவு எப்போது வருகிறது?

ஆல்பர்ட் யோனாஸ் குழுவினர் 1982-ல் குழந்தைகளுக்கு ஒரு கண்ணை மறைத்து, பெரிய முகப்படத்தையும் சிறிய முகப்படத்தையும் ஒரே தூரத்தில் காட்டினார்கள். 7 மாதக் குழந்தைகள் பெரிய முகத்தை நோக்கித்தான் அதிகம் கை நீட்டின, அது பக்கத்தில் இருப்பதுபோல. 5 மாதக் குழந்தைகளிடம் அந்த வித்தியாசம் இல்லை. முகத்துக்குப் பதில் கட்டங்கள் போட்ட படத்தைக் காட்டியபோது 7 மாதக் குழந்தைகளிடமும் இல்லை. அந்த இரண்டு மாதத்துக்குள் அம்மா முகத்தின் அளவு தூரத்தை அளக்கும் கோலாக மாறிவிடுகிறது.

அந்தக் கோல் கிடைக்காமலே வளர்ந்தவர்? குழந்தைப் பருவத்திலேயே பார்வை இழந்து, 52-ஆம் வயதில் கருவிழி மாற்று அறுவையால் பார்வை பெற்ற இங்கிலாந்துக்காரர் சிட்னி பிராட்ஃபோர்டை கிரெகரியும் ஜீன் வாலஸும் ஆராய்ந்தார்கள். பல மாடி உயரத்து ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து பார்த்து, கையால் தொங்கினால் கால் தரையைத் தொட்டுவிடும் என்று அவர் நம்பினார்.

இருந்தாலும் எல்லாமே கற்றுக்கொண்டது என்று சொல்லிவிடக் கூடாது. பிறவிக் கண்புரையோடு வளர்ந்த இந்தியச் சிறுவர்களுக்கு அறுவை செய்து பார்வை தந்து, கூடவே ஆய்வும் செய்யும் திட்டம் பவன் சின்ஹாவின் ‘பிரகாஷ்’. 2015-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், அறுவை முடிந்த உடனேயே அந்தச் சிறுவர்கள் ஒடுங்கும் கோடுகளுக்கு நடுவே உள்ள சம நீளக் கோடுகளை நம்மைப் போலவே தப்பாக மதிப்பிட்டார்கள். பார்த்துப் பழகிய தண்டவாளம் எதுவும் அவர்களுக்கு இல்லை. ஆக, எந்தத் தடயம் பழக்கத்தால் வருகிறது, எது பழக்கம் இல்லாமலே வருகிறது என்று ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

சாலையில் இதனால் ஆபத்து உண்டா?

உண்டு. இரவில் ஒரு பக்க விளக்கு மட்டும் எரியும் லாரியை எதிரே வருபவர் பைக் என்று எடுத்துக்கொள்கிறார். அகலம் தவறு, தூரம் தவறு, ஒதுங்க வேண்டிய இடமும் தவறு. அடையாளம் தவறியதால் எல்லாம் தவறிப்போகிறது. சிறிய கார்களைச் சாதாரண கார் என்ற பழக்கத்தில் பார்த்து, இருப்பதைவிடத் தள்ளி இருப்பதாக ஓட்டுநர்கள் மதிப்பிடுவதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. உங்கள் வண்டியில் ஒரு முன்விளக்கு அணைந்திருந்தால் தயவுசெய்து இன்றே மாற்றுங்கள்.

கம்ப்யூட்டரும் இப்படித்தான் தூரம் பார்க்கிறதா?

ஒரே புகைப்படத்திலிருந்து ஆழத்தைக் கணிக்கும் நரம்பு வலையமைப்புகள் (எடுத்துக்காட்டுகளிலிருந்து தாமே கற்கும் கணினி நிரல்கள்) 2014-க்குப் பிறகு வேகமாக வளர்ந்தன. அவையும் காரின் வழக்கமான அளவைக் கற்றுக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்ப்போம். 2019-ல் வான் டைக், டி க்ரூன் இருவரும் அப்படியொரு வலையமைப்பைச் சோதித்தபோது, அது காரின் அளவைக் கண்டுகொள்ளவில்லை. படத்தில் கார் எவ்வளவு கீழே நிற்கிறது என்பதையே பார்த்தது. கற்ற இடத்தில் அது போதும். கேமராவின் சாய்வு மாறினால் கணக்கும் மாறிவிடும்.

ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. ஆழம் பார்ப்பது திரும்ப வருமா?

இரு கண் வேறுபாடு திரும்பாது. மற்றவை எல்லாம் உங்களிடமே இருக்கின்றன. அவற்றின் மேல் சாய்ந்து பழகச் சில மாதங்கள் ஆகலாம். கிரிக்கெட் வீரர் மன்சூர் அலி கான் பட்டோடி 1961 ஜூலையில் இங்கிலாந்தில் நடந்த கார் விபத்தில் வலது கண் பார்வையை இழந்தார். அதே ஆண்டு டிசம்பரில் இந்தியாவுக்காக முதல் டெஸ்ட் ஆடினார். 1962 ஜனவரியில் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக 103 ரன் எடுத்தார், விபத்து நடந்து ஆறு மாதங்கள் சற்றே தாண்டியிருந்தன. எதிரே வரும் பந்தின் உருவம் வளரும் வேகத்திலிருந்து அது எப்போது வந்து சேரும் என்பதை ஒரு கண்ணாலும் கணிக்க முடியும். இன்ன தூரத்தில் இருக்கிறது என்பதற்குப் பந்தின் அளவு தெரிந்திருக்க வேண்டும், அது அவருக்குச் சிறுவயது முதலே தெரியும்.

அன்றாடத்தில் முதலில் தகராறு தருவது கையெட்டும் தூரம்தான்: தண்ணீர் ஊற்றுவது, படி இறங்குவது, ஊசியில் நூல் கோப்பது. சொம்பின் வாயைத் தம்ளர் விளிம்பில் தொடவைத்து ஊற்றுங்கள். படியின் முனையைக் காலால் தடவிப் பார்த்து இறங்குங்கள். ஓரிடத்தில் நின்று பார்க்கும்போது தலையை இடவலமாகச் சற்று அசையுங்கள். பக்கத்தில் இருப்பது அதிகம் நகரும், தள்ளி இருப்பது குறைவாக நகரும், எது முன்னால் எது பின்னால் என்று பிரிந்துவிடும்.